ட்ரெய்லர் பட்டறைக்குப் போனால் நாய்கள் எங்கே தூங்கும்?

2022-இல் ஹூஸ்டன் புறநகரில் இருந்த அபார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டு ஒரு டாய் ஹாலர் ட்ரெய்லரில் குடியேறினேன். நான், கருப்பன், மணி என்று இரண்டு நாய்கள், செல்லி என்று ஒரு பூனை, இரண்டு மோட்டார் சைக்கிள்கள். இதுதான் குடும்பம். டாய் ஹாலர் என்றால் முன்பாதி வீடு, பின்பாதி கராஜ். பின்சுவரே சாய்தளமாகக் கீழே இறங்கும், பைக்கை அப்படியே ஏற்றிவிடலாம். எனக்குத் தெரிந்த தமிழர்களில் யாரும் இப்படி வாழ்ந்ததில்லை, அதனால் கேட்க ஆள் இல்லை. வீடியோ போடுகிறவர்கள் நல்ல நாட்களைத்தான் காட்டுகிறார்கள். நான் பட்ட பாட்டை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் கிட்டத்தட்ட 20,000 டாலரும், பல வாரத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணி பிட் புல் கலப்பு. நான் பார்த்த அபார்ட்மெண்டுகளில் முக்கால்வாசி அந்த இனத்தைச் சேர்ப்பதில்லை, சேர்க்கிறவர்கள் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். என் வேலை முழுக்க வீட்டிலிருந்தே செய்வது. மேற்கு டெக்ஸஸ், நியூ மெக்சிகோ மலைச்சாலைகளில் பைக் ஓட்ட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது இதுதான் வழி என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

முதல் அடி எடைக் கணக்கில் விழுந்தது. என்னிடம் ஏற்கெனவே ஒரு பிக்கப் ட்ரக் இருந்தது, இங்கே அரை டன் என்று சொல்லும் வகை, அது வகையின் பெயர் மட்டும்தான். டீலர் கடையில் வண்டியின் இழுவைத் திறனைக் கேட்டார்கள், 11,000 பவுண்டு என்றேன். "ட்ரெய்லர் அதைவிட ரொம்பக் குறைவு, தாராளமாக இழுக்கும்" என்று 43,000 டாலருக்கு விற்றார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய எண் அது மட்டும் இல்லை. ட்ரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் பேலோடு. என் ட்ரக்கில் 1,480. ட்ரெய்லர் தன் மூக்கால் ட்ரக்கின் கொக்கி மேல் அழுத்துகிற எடை, கொக்கிச் சாமான்கள், நான், நாய்கள், ட்ரக்கில் இருக்கும் கருவிப்பெட்டி, ஜெனரேட்டர் எல்லாமே இந்த 1,480-க்குள் அடங்க வேண்டும்.

இதில் டாய் ஹாலருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். அதைவிடக் குறைந்தால் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். என் பைக்குகள் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஒன்று, ஹோண்டா சி.ஆர்.எஃப். 300 எல் ஒன்று. முதலாவது 199 கிலோ, இரண்டாவது 140 சொச்சம். இரண்டும் சேர்ந்து 750 பவுண்டு. அது முழுவதும் அச்சுக்குப் பின்னால் உட்கார்கிறது, அதனால் மூக்கு தூக்கிக்கொள்கிறது. ஐ-10 நெடுஞ்சாலையில் ஃபோர்ட் ஸ்டாக்டனைத் தாண்டி ஒரு பெரிய லாரி என்னை முந்தியபோது ட்ரெய்லர் இடமும் வலமும் வீசத் தொடங்கியது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ட்ரக்கின் பிரேக்கைத் தொடாமல் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தித்தான் அடக்கினேன். ஓரம்கட்டி நிறுத்தியபோது கை நடுக்கம் நிற்கவில்லை. பின்சீட்டில் கருப்பன் வாந்தி எடுத்திருந்தான்.

அடுத்த லாரி நிறுத்தத்தில் கேட் ஸ்கேலில் ஏற்றினேன். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடை இது. இருபது டாலருக்குள் ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். ட்ரெய்லர் 8,600 பவுண்டு, கொக்கியில் 760. ஒன்பது சதவீதம்கூட இல்லை. சரி, கனமான சாமான்களை முன்னால் தள்ளலாம், முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பலாம். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் ஊற்றினால் 330 பவுண்டு முன்னால் வந்துவிடும். அப்படிச் செய்து கொக்கி எடையை 1,100-க்குக் கொண்டுவந்தால் ஆட்டம் நிற்கிறது, ஆனால் ட்ரக்கின் 1,480 தாண்டிவிடுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. கடைசியில் அரை டன் ட்ரக்கை விற்றுவிட்டுப் பழைய முக்கால் டன் ட்ரக், அதாவது அதைவிட அதிக எடை தாங்கும் வகை ஒன்றை வாங்கினேன். அந்த மாற்றத்தில் கையை விட்டுப் போனது 11,000 டாலர்.

அதனால் ட்ரெய்லர் பார்க்கப் போகும்போதே ட்ரக்கின் மஞ்சள் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் கொக்கி எடை காலி ட்ரெய்லருக்கானது. பேட்டரி, காஸ் சிலிண்டர், துணி, பாத்திரம், நாய்த்தீவனம் என்று குடித்தனத்தை ஏற்றினால் அது எங்கேயோ போய் நிற்கும். பைக்கை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை எடை போடுங்கள். டயரையும் பாருங்கள். ட்ரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கு மேல் போகச் செய்யப்பட்டவை அல்ல. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் வருடமும். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன டயரை நம்பாதீர்கள். பைக்கைக் கட்டும்போது முன்சக்கரத்தைத் தாங்கியில் நிறுத்தி, நான்கு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டி, ஐம்பது மைல் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பட்டை எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பயணத்தில் நாய்களும் பூனையும் ட்ரக்கில் என்னோடுதான். ட்ரெய்லருக்குள் விட்டுவிட்டு ஓட்டவே கூடாது. ஓட்டும்போது உள்ளே ஏசி ஓடாது, சாமான் சரியும், என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. நின்ற இடத்தில் பைக்குகள் வெளியே வந்துவிடும், கராஜ் நாய்களின் அறையாகிவிடும். பெட்ரோல் வாடை பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும், நாய்கள் தூங்குவதும் தரையில்தான். அதே சுவருக்கு அந்தப் பக்கம் காஸில் எரியும் ஹீட்டர் இருக்கிறது. பைக் உள்ளே இருக்கும் இரவில் நான் யாரையும் கராஜில் படுக்க விடுவதில்லை. காஸ் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் இருக்கிற அலாரங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, அது பின்பக்கம் அச்சிட்டிருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு: ஸ்லைடு அவுட் என்று பொத்தானை அழுத்தினால் சுவரோடு வெளியே நீளுகிற பகுதி இருக்கிறதே, அதை உள்ளே இழுக்கும் முன் பூனையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். செல்லி சோபாவுக்கு அடியில் புகுந்து அந்த இயந்திரத்தின் பல்சக்கரம் வரை போய்விடுவாள். "எங்கேயாவது இருப்பாள்" என்று நினைத்துப் பொத்தானை அழுத்தக் கூடாது. அவளைக் கூடையில் போட்டு ட்ரக்கில் வைத்த பிறகுதான் நான் பொத்தானையே தொடுவேன்.

வெயில் காலத்தில் என்னை ஆட்டிப் படைத்தது மின்சாரம். ட்ரெய்லர்களை வாடகைக்கு நிறுத்தும் பார்க்கில் 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட் கணக்கில் 3,600 வாட்தான். ஏசி ஒன்றே 1,500 வாட் வாங்கும். மைக்ரோவேவும் தண்ணீர் ஹீட்டரும் அதோடு ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். பார்க் நிரம்பிய மாலை நேரத்தில் எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் 105-க்குக் கீழே இறங்கும், அது ஏசி கம்ப்ரஸரைக் கொன்றுவிடும். வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி முந்நூறு டாலர் ஆகும், அதை வாங்காமல் இருக்காதீர்கள். ஆனால் அது துண்டித்தால் ஏசி நின்றுவிடும், நீங்கள் பைக்கில் மலை மேல் இருப்பீர்கள், நாய்கள் உள்ளே இருக்கும். வெயிலில் நிற்கும் ட்ரெய்லர் வெகு சீக்கிரம் அடுப்பாகிவிடும். சிம் கார்டில் இயங்கும் வெப்பநிலைக் கருவி ஒன்றை உள்ளே மாட்டியிருக்கிறேன். மின்சாரம் போனாலோ வெப்பம் ஏறினாலோ கைபேசிக்குச் செய்தி வரும். அது வைஃபையில் இயங்குவதாக இருந்தால் பயனில்லை, மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும். செய்தி வந்த பின் ஓடி வர வேண்டுமே, அதனால் வெளியே 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் அரை மணி நேரத்தில் திரும்ப முடியாத தூரம் போவதில்லை. பக்கத்து இடத்துக்காரரிடம் சாவி கொடுத்து வைப்பேன். பைக் பயணம் எல்லாம் விடியற்காலையில் கிளம்பி பத்து மணிக்குள் திரும்புவதாகத்தான் இருக்கிறது.

இப்போது 2024 கோடைக்கு வருகிறேன். லாஸ் க்ரூசஸ் பக்கம் ஒரு பார்க்கில் இருந்தேன். அங்கே ஜூலையில் பாலைவன மழைக்காலம் தொடங்கும், ஒரு மணி நேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு ஸ்லைடு அவுட்டின் மூலையில் தரை காலுக்கு அமுங்கியது. விரிப்பை எடுத்துப் பார்த்தால் பலகை ஊறி, கறுத்து, விரலால் கிள்ளினால் வந்தது. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சு விட்டுப்போய்த் தண்ணீர் பல மாதமாக உள்ளே இறங்கியிருக்கிறது. உத்தரவாதம் இன்னும் பாக்கி இருந்ததால் கவலைப்படாமல் டீலருக்குப் போன் செய்தேன். படிவம் நிரப்பச் சொன்னார்கள். "ட்ரெய்லரை முதன்மைக் குடியிருப்பாகப் பயன்படுத்துகிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று உண்மையைப் போட்டேன். நான்கு நாளில் பதில் வந்தது: ட்ரெய்லர் பொழுதுபோக்குப் பயணத்துக்கு மட்டுமே, நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது. கையேட்டில் அந்த வரி இருக்கிறது. விற்கும்போது "இதில்தான் குடியிருக்கப் போகிறேன், நாய்களும் உண்டு" என்று அந்தக் கடையில் உட்கார்ந்து நான் சொன்னபோது ஒருவரும் அந்த வரியைக் காட்டவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

பக்கத்தில் இருந்த வேறொரு டீலரின் பட்டறையில் விட்டேன். இரண்டு வாரம் என்றார்கள், ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. அவர்களிடம் வாங்கிய வண்டிகளுக்குத்தான் முதலிடம், என்னுடையது வரிசையில் பின்னால். ட்ரெய்லர் அவர்கள் மைதானத்தில் மின்சாரம் இல்லாமல் நின்றது. வீட்டில் குழாய் உடைந்தால் அந்த அறையைப் பூட்டிவிட்டு அடுத்த அறையில் இருக்கலாம். இங்கே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, அலுவலக மேசை எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. வெளியே 40 டிகிரி. பொள்ளாச்சியிலிருந்து அம்மா போனில், "ஏங்கண்ணு, வீடே ரிப்பேருக்குப் போயிருச்சுன்னா இந்த வாயில்லாச் சீவனுகளைக் கூட்டிக்கிட்டு நீ எங்க போயிப் படுப்பே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ட்ரெய்லர் வாங்கும் முன் எனக்கு நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான், அதை யாருமே கேட்டதில்லை.

மோட்டல்களில் பெரும்பாலும் இரண்டு பிராணிக்கு மேல் கிடையாது, என்னிடம் மூன்று. மணியின் முகத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்றவர்களும் உண்டு. கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு மோட்டலில் மேலாளர் அம்மா ஒருவர் மனமிரங்கினார். அறைக்கு 3,300 டாலர், பிராணிகளுக்குத் தனிக்கட்டணம் 550. பைக்குகளை வாசலில் விட மனம் வரவில்லை, வாடகைக் கிட்டங்கி எடுத்தேன். பெட்ரோல் டாங்கைக் காலி செய்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். வெயிலில் உட்கார்ந்து இரண்டு டாங்கையும் இறக்கினேன். அலுவலகக் கூட்டம் நடக்கும்போது தாழ்வாரத்தில் யார் நடந்தாலும் கருப்பன் குரைப்பான், அதனால் முக்கியமான நாட்களில் நாய்க் காப்பகத்தில் விட வேண்டியிருந்தது. அங்கே ரேபிஸ் சான்றிதழோடு, நாய்களுக்குள் பரவும் இருமலுக்கான போர்டெடெல்லா தடுப்பூசிச் சான்றும் கேட்டார்கள், அது இல்லாததால் முதல் வாரம் வீணாகப் போனது. செல்லி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும் என்று மருத்துவர் சொன்னதும் பயந்துவிட்டேன். சூடாக்கிய மீன் உணவை விரலில் தடவி நக்க வைத்துத்தான் மீட்டேன். பழுதுபார்ப்புக்கு 4,100. மற்ற செலவெல்லாம் சேர்த்து மொத்தம் 9,000 டாலருக்கு மேல் போனது.

இரவில் அந்த அறையில் மூவரின் மூச்சையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கையில், இவர்களை இந்த வாழ்க்கைக்குள் இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தானே என்ற எண்ணம் நெஞ்சை அறுத்தது. பேச ஆள் இல்லை. நண்பர்களிடம் சொன்னால் "விற்றுவிட்டு ஒழுங்காக ஒரு வீடு பார்" என்பார்கள் என்று தெரியும். எனக்குத் தேவைப்பட்டது அந்த அறிவுரை இல்லை, அடுத்த வேலை என்ன என்று சொல்கிற ஒரு குரல்.

அந்தக் குரலாக இருந்து சொல்கிறேன். வாங்கும் முன் உத்தரவாதக் கையேட்டைக் கையில் வாங்கி, முழுநேரக் குடியிருப்பு பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். காப்பீட்டிலும் அதே கதைதான். சாதாரண ட்ரெய்லர் காப்பீடு விடுமுறைப் பயணத்துக்கானது, முழுநேரக் குடியிருப்புக்கென்று தனிப் பாலிசி உண்டு. உள்ளிருக்கும் பொருளும், உங்கள் நாய் யாரையாவது கடித்தால் வரும் பொறுப்பும் அதில் அடங்குகிறதா, எந்த இனத்தை விலக்கியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பைக்குகளுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். புதியதோ பழையதோ, சான்று பெற்ற ட்ரெய்லர் ஆய்வாளர் ஒருவரை உங்கள் செலவில் வைத்துக் கூரை முதல் தரை வரை பார்க்கச் சொல்லுங்கள். நான் இப்போது நாற்பது டாலர் ஈரமானி ஒன்று வைத்திருக்கிறேன், மழை பெய்த மறுநாள் எல்லா மூலையிலும் வைத்துப் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டுக் கூரையின் இணைப்புகளைப் பார்த்து, வெடித்த இடத்தில் டைகார் என்ற கூரை அடைப்புப் பூச்சு விடுகிறேன். பழுது என்றால் முதலில் இடத்துக்கே வரும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் கட்டணம் அதிகம்தான், ஆனால் நீங்கள் உங்கள் படுக்கையிலேயே தூங்கலாம். எனக்குப் பிறகு ஏசி கெட்டபோது அப்படித்தான் ஒரே மதியத்தில் முடிந்தது. ஆறு வார மோட்டல் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும், தடுப்பூசிச் சான்றுகள் கைபேசியில் இருக்கட்டும்.

நம்மவர்களுக்கு இன்னொன்று. குடியுரிமை இல்லாதவர்கள், பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் உட்பட, முகவரி மாறினால் பத்து நாளுக்குள் ஏ.ஆர்-11 படிவம் மூலம் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சக்கரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நிலையான முகவரிக்காக டெக்ஸஸ், தெற்கு டகோட்டா, ஃபுளோரிடா மூன்றையும்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். டெக்ஸஸில் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ட்ரெய்லர்வாசிகள் சங்கம் தபால் சேவை நடத்துகிறது. ஆனால் தபால் முகவரி வேறு, குடியிருக்கும் முகவரி வேறு என்று குடிவரவுப் படிவங்கள் கேட்கும், அதனால் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். எல் பாசோவிலிருந்து கிழக்கே வரும்போது சியரா பிளாங்கா அருகே எல்லைக் காவல் சோதனைச்சாவடி உண்டு. பச்சை அட்டை உங்கள் மேல்தான் இருக்க வேண்டும், ட்ரெய்லர் அலமாரியில் இல்லை. டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது, அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் உண்டு. அங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்யும் முன் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்போது வெப்பத்தைப் பார்த்தே ஊர் மாறுகிறேன். குளிர்காலம் அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கம், கோடை ஃபிளாக்ஸ்டாஃப் காடுகளில். அது 7,000 அடி உயரம், ஜூலையிலும் நாய்களுக்கு ஏசி தேவைப்படுவது அபூர்வம். கோகோனினோ தேசியக் காட்டில் முப்பது நாளில் 14 நாள்தான் தங்கலாம், வாடகை இல்லை. தேசியப் பூங்காக்களில் நாய்க்கு ஆறடிக் கயிறு கட்டாயம், பெரும்பாலான நடைபாதைகளில் அனுமதியும் இல்லை. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புப் பாதையில் விடுகிறார்கள், கருப்பனும் மணியும் அங்கே என்னோடு நடந்திருக்கிறார்கள். பார்க்கில் தங்கும் மாதங்களில் இடம், மின்சாரம், காஸ், டீசல், காப்பீடு, கூரைக்கும் டயருக்கும் ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 2,000 டாலருக்குக் குறையவில்லை. ஹூஸ்டன் வாடகையைவிட அது மலிவு இல்லை. காசு மிச்சம் பிடிக்க நினைத்து இதற்குள் வராதீர்கள். பைக்கும் பிராணிகளும் உங்களோடு இருக்க வேண்டும் என்பதற்காக வருவதாக இருந்தால், முதலில் ட்ரக்கின் கதவைத் திறந்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள்.